பேரூராட்சியில் குறை சொல்வதும் பொதுச்சொத்தைக் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாநகராட்சியில் ஒரு பள்ளம் விழுந்தால் மறுநாள் பேப்பரில் வந்துவிடுகிறது. கிராம ஊராட்சிக்குக் கிராம சபை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பேரூராட்சிக்காரர்கள்தான் எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. அப்படி ஓர் ஊரில் குடியிருந்துகொண்டு, அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவையும் நான் சொல்லும் பதில்களும் இவை.

பேரூராட்சியில் உண்மையான அதிகாரம் யாரிடம் இருக்கிறது? தலைவரிடமா, ஈ.ஓ.விடமா?

இரண்டு பேரிடமும், வேறு வேறு விதமாக. ஈ.ஓ. எனப்படும் செயல் அலுவலர் அரசு ஊழியர். அலுவலகம், பணியாளர்கள், கோப்பு, பில் எல்லாம் அவர் கையில். தலைவர், வார்டு உறுப்பினர்கள் வாக்களித்து அவர்களுக்குள் இருந்தே தேர்ந்தெடுப்பவர். எந்தத் தெருவுக்கு ரோடு, எந்தக் கட்டடத்தை ஏலம் விடுவது, எந்தக் கட்டணத்தை உயர்த்துவது போன்றவை மன்றத்தில் தீர்மானமாக வர வேண்டும். தீர்மானம் போட்ட பிறகு அதை நிறைவேற்றுவது செயல் அலுவலர் வேலை. இவர்களுக்கு மேலே மாவட்ட அளவில் பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் இருக்கிறார்.

2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரி 19 அன்றுதான் அடுத்த தேர்தல் நடந்தது. ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தனி அலுவலர்களே எல்லாவற்றையும் பார்த்தார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றும் பலர் நேராக அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள், மன்றம் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. அன்றாடப் பழுதுக்கு அலுவலகம், புதிதாக ஒரு வேலை நடக்க மன்றம் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலரிடம் வாயால் சொன்னால் போதாதா? மனுவெல்லாம் எதற்கு?

குழாய் கசிவு, சாக்கடை அடைப்பு, விளக்கு எரியாதது இவற்றுக்கு ஒரு போன் போதும். “அண்ணே, நம்ம தெரு முக்குல தண்ணி வீணாப் போகுது” என்று சொன்னால் மாலைக்குள் பிட்டர் வந்துவிடுவார். நல்ல கவுன்சிலர் இருக்கும் வார்டில் இப்படித்தான் நடக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் நிலம், கட்டடம், வாய்க்கால், பணம் சம்பந்தப்பட்ட எதையும் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். சொன்னவர் மறந்தால் அதோடு போயிற்று. கேட்டவர் மாறுதலாகிப் போனால் அடுத்தவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. தாளில் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினால்தான் அது கோப்பு. “நான் ஈ.ஓ.கிட்ட பேசிட்டேன் சார், நீங்க போங்க” என்று முன்மேசையில் அன்பாகச் சொல்லி அனுப்புவார்கள். நீங்களும் அன்பாகவே, “சரிங்க சார், ஒரு சீல் மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க” என்று நில்லுங்கள். முத்திரை கிடைக்கவே இல்லையென்றால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

எத்தனை நாளில் பதில் வர வேண்டும்?

மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் பதில் என்று 2015ஆம் ஆண்டிலேயே பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை போட்டிருக்கிறது. அரசாணை எண் 99, நாள் 21.09.2015. மனுவின் கடைசியில் இந்த எண்ணை ஒரு வரியில் குறிப்பிட்டு விடுங்கள். மிரட்டலாக எழுத வேண்டாம், நினைவூட்டலாக எழுதினால் போதும்.

தெருவிளக்கு எரியவில்லை. மின்வாரியத்துக்குச் சொல்வதா, பேரூராட்சிக்கா?

கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையது. அதில் மாட்டியிருக்கும் விளக்கு பேரூராட்சியுடையது. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பேரூராட்சி, கம்பம் சாய்ந்திருந்தாலோ கம்பி தொங்கினாலோ மின்வாரியம். கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துச் சொல்லுங்கள். “மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில்” என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் நாலு கம்பம் இருக்கும்.

“இது எங்கள் ரோடு இல்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு யாருடையது?

உண்மையாகவே அவர்களுடையதாக இல்லாமல் இருக்கலாம். ஊருக்கு நடுவே போகும் பெரிய சாலை பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. புறவழிச்சாலை தேசிய நெடுஞ்சாலையாக இருக்கலாம். உள்தெருக்கள் மட்டுமே பேரூராட்சிக்கு. ஏரி, கண்மாய் விஷயத்திலும் இப்படித்தான்: 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கும், ஊருக்குள் இருக்கும் குளம், ஊருணி பேரூராட்சிப் பராமரிப்பில் வரும். அந்த நிலமோ வருவாய்த் துறைப் பதிவேட்டில் புறம்போக்காக இருக்கும்.

ஒரே சாக்கடைக்கு மூன்று துறை சொந்தம் கொண்டாடாமல் நழுவுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது உண்டு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. மனுவை மூன்று பேருக்கும் ஒரே தாளில் முகவரியிட்டு, “தங்களில் எவருடைய பொறுப்பு என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும்” என்று கேளுங்கள். தன்னுடையதல்ல என்று எழுதிக் கொடுக்க எந்த அலுவலரும் யோசிப்பார். எழுதிக் கொடுத்துவிட்டால் பொறுப்பாளி யாரென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் ஊரின் பொதுச்சொத்து எவை எவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாம் தொடங்குவது இதில்தான். பஸ் ஸ்டாண்டு, வாரச்சந்தை, கட்டணக் கழிப்பிடம், பூங்கா, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, சமுதாயக் கூடம், மயானம், உரக்கிடங்கு, ஆடு அடிக்கும் கூடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதவைதான் களவு போகின்றன: பழைய களம், மந்தைவெளி, வண்டிப்பாதை, ஓடைக்கரை, இடிந்துபோன பழைய சத்திரத்தின் மனை, மூடிப்போன கிணறு.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பேரூராட்சி அலுவலகத்தில் இருக்கும் சொத்துப் பதிவேடு. இன்னொன்று, கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேடும் (எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்க் கணக்கு) புல வரைபடமும். சர்வே எண் தெரிந்தால் ‘அ’ பதிவேட்டை அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணைய சேவையிலேயே பார்க்கலாம். ஓர் இடம் புறம்போக்கா என்று சரிபார்க்கவும் அங்கே தனி வசதி இருக்கிறது. பதிவேட்டின் வகைப்பாடு, குறிப்பு ஆகிய பத்திகளைப் பாருங்கள். ‘வண்டிப்பாதை’, ‘ஓடை’, ‘மயானம்’ என்று ஒற்றைச் சொல்லாகத்தான் எழுதியிருக்கும். பத்து வீட்டுக்காரர் சொல்லும் சாட்சியைவிட அந்த ஒற்றைச் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

இரண்டு பதிவேடும் ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம். வருவாய்க் கணக்கில் பொது இடமாக இருப்பது பேரூராட்சிச் சொத்துப் பதிவேட்டில் ஏறவே இல்லாமல் கிடக்கும். அப்படி இருந்தால் முதல் மனு அதற்குத்தான்: பதிவேட்டில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பதிவேட்டில் இல்லாத சொத்தைக் காணாமல்போனதாகச் சொல்லக்கூட முடியாது.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆர். கணக்கில், சில பொது இடங்கள் தனியார் பெயரில் ஏறியிருப்பதும் உண்டு. சந்தேகம் இருந்தால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை மாவட்ட ஆவணக் காப்பறையில் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓடையை அடைத்து வீடு கட்டியிருக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் அளவு. எங்கள் பக்கத்தில் மழைநீர் வடிகிற ஒரு வாய்க்கால் இருக்கிறது. புல வரைபடத்தில் லாரி போகிற அகலம். தரையில் பார்த்தால் ஒரு எட்டில் தாண்டிவிடலாம். இரண்டு பக்கமும் ஒவ்வொருவரும் ஒரு முழம், இரண்டு முழம் என்று தள்ளித் தள்ளிச் சுவர் வைத்ததில் வந்த நிலைமை அது. யாரோ ஒரு பெரிய மனிதர் மொத்தமாக வளைத்ததல்ல. நில அளவர் வந்து சங்கிலி போட்டபோது, ஒரு வீட்டுத் திண்ணைக்கு அடியிலிருந்து பழைய எல்லைக்கல் வெளிவந்தது. சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கல்லைப் பார்த்ததும் அமைதியானார்கள். அதனால்தான் சொல்கிறேன், பெயர் சொல்லிப் புகார் எழுதுவதற்கு முன்னால் “சர்வே எண் இன்னது, அளந்து எல்லை காட்டவும்” என்று தாசில்தாருக்கு எழுதுங்கள்.

அளவையில் ஆக்கிரமிப்பு உறுதியானால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிறகு 6ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவு. ஏரி, குளங்களுக்கு 2007ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் இல்லாமல் ஜேசிபியைக் கொண்டுவந்தால் எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடும், பல வருடம் போய்விடும். ஆகவே “உடனே இடியுங்கள்” என்று கேட்காதீர்கள். “சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றுங்கள்” என்று கேளுங்கள்.

சுப்ரீம் கோர்ட் 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பஞ்சாபில் பாட்டியாலா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் குளத்தை நிரவி வீடு கட்டியவர்களைப் பற்றிய வழக்கு அது. கட்டிப் பல வருடம் ஆயிற்று, நிறையப் பணம் போட்டாயிற்று என்பதெல்லாம் பொது நிலத்தை வைத்துக்கொள்ளக் காரணமாகாது என்றது நீதிமன்றம். பொது நிலங்களை மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நிலமற்ற ஏழைகளுக்கு அரசு முறைப்படி ஒதுக்கியது, ஏற்கெனவே பள்ளிக்கூடம் போன்ற பொதுப் பயன்பாடு இருப்பது ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. மனுவில் குறிப்பிடத் தகுந்த தீர்ப்பு.

அந்த ஓரத்தில் குடிசை போட்டிருப்பவர் போக்கிடம் இல்லாதவராகவும் இருக்கலாம். அப்போது மாற்று இடமும் கொடுங்கள் என்று அதே மனுவில் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கொள்கை. மாடி வீட்டுக்காரரின் கார் ஷெட்டையும் அந்தக் குடிசையையும் ஒரே பட்டியலில் ஏற்றுவது நியாயமில்லை.

அவரிடம் வீட்டுவரி ரசீது இருக்கிறதே? கரண்ட் பில்லும் இருக்கிறது. பி மெமோவும் கட்டியிருக்கிறார்.

வரி ரசீது, கட்டடத்துக்கு வரி கட்டியதற்கு ஆதாரம். நிலம் யாருடையது என்பதற்கு அது ஆதாரமல்ல. மின் இணைப்பும் அப்படியே. பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக்காக வருவாய்த் துறை போடும் தண்டம். அதைக் கட்டுகிறவர் இது அரசு நிலம்தான் என்று ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கொடுக்க முடியாது.

மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தை விற்றுவிட்டார்கள் என்கிறார்களே?

இப்போதைய சிறு நகரங்களில் பெரிய பறிப்பு இதில்தான் நடக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது, சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் பதிவுசெய்து உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். சாலைகளும் அதேபோல ஒப்படைக்கப்பட வேண்டும். பத்திரம் பதிவாகும், அலமாரிக்குள் போகும், அதோடு சரி. வேலி இல்லை, போர்டு இல்லை. பதினைந்து வருடம் கழித்து ஒருவர் அதில் வாழை போட்டிருப்பார்.

நீங்கள் மனை வாங்கிய பத்திரத்தோடு வரைபடம் இணைந்திருக்கும். அதில் பூங்கா எங்கே என்று பாருங்கள். அந்தத் தானப் பத்திரத்தின் எண்ணையும் வருடத்தையும் பேரூராட்சியில் தகவல் உரிமையில் கேளுங்கள். கிடைத்ததும் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் “பேரூராட்சிக்குச் சொந்தமான இடம்” என்று போர்டு வைக்கச் சொல்லி மனு. ஒரு தகரப் போர்டும் கம்பி வேலியும் பின்னால் வரப்போகும் வழக்கைத் தவிர்க்கும்.

பூங்கா மூலையில் சின்னதாக ஒரு கோயில் எழும்பிவிட்டது. கை வைக்கவே பயப்படுகிறார்கள்.

பொதுத்தெரு, பூங்கா போன்ற இடங்களில் கோயில், தேவாலயம், பள்ளிவாசல், குருத்வாரா எதையும் அனுமதியின்றிப் புதிதாகக் கட்ட விடக்கூடாது என்று 2009 செப்டம்பர் 29 அன்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. கல் நட்டு மஞ்சள் பூசும் நிலையிலேயே எழுதிக் கொடுங்கள். கும்பாபிஷேகம் ஆன பிறகு ஊரே இரண்டாகும்.

நடைபாதையில் தள்ளுவண்டிக்காரர்கள் நிற்பதும் ஆக்கிரமிப்புதானே?

இல்லை, அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி முதலில் கணக்கெடுப்பு, பிறகு அடையாள அட்டை, விற்பனைக்கென ஒதுக்கிய இடம், இவற்றையெல்லாம் பார்க்க நகர விற்பனைக் குழு. அப்புறப்படுத்த வேண்டுமென்றால் 30 நாள் நோட்டீஸ். கடைக்காரர் தன் கடைக்கு முன்னால் படிக்கட்டு கட்டி, ஷெட் இறக்கி, நடைபாதையை விழுங்குவார். அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டு, வடை போடும் அம்மாவின் அடுப்பைத் தூக்கி வண்டியில் போடுவார்கள். இது நடக்கும்போது நாம் வாய் திறக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக் கடைகளை வேண்டியவர்களுக்கே கொடுக்கிறார்கள். கேள்வி கேட்க முடியுமா?

முடியும். பொதுச்சொத்தைக் குத்தகைக்கு விட அறிவிப்பு கொடுத்து ஏலமோ டெண்டரோ நடத்த வேண்டும். கடை எண், யார் பெயரில் குத்தகை, மாத வாடகை, எந்தத் தேதி வரை, பாக்கி எவ்வளவு என்ற ஐந்தையும் பட்டியலாகத் தகவல் உரிமையில் கேளுங்கள். ஏலம் எடுத்தவர் ஒருவர், கடை நடத்துபவர் வேறொருவர், நடுவில் உள்வாடகை பல மடங்கு. இதனால் இழப்பு பேரூராட்சிக்கு. அந்தப் பணம் வந்திருந்தால் உங்கள் தெருச் சாக்கடைக்கு மூடி வந்திருக்கும். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஒவ்வொரு வருடமும் கணக்கைத் தணிக்கை செய்கிறது. அந்த அறிக்கையின் நகலையும் கேட்கலாம். வாடகைப் பாக்கியைப் பற்றிய தணிக்கைத் தடைகள் (ஆட்சேபணைகள்) அதில் வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள்.

தகவல் உரிமை மனு எழுதுவது கஷ்டமா?

வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மழுப்பினால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். “ஏன் செய்யவில்லை?” என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. “இன்ன பதிவேட்டின் இன்ன பக்கத்தின் நகல்” என்று கேளுங்கள். நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடவும், நடந்த வேலையைப் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரி எடுக்கவும் 2005ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை தருகிறது. இந்தக் கடைசி உரிமையைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு.

ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் வீடு பள்ளத்துக்குப் போகிறது. இதற்கு வழியே இல்லையா?

இருக்கிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு அனுப்பினார். அந்த உத்தரவைக் குறிப்பிட்டு, வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுங்கள். ஜல்லி கொட்டிய பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் மதிப்பீட்டு நகலும் அளவுப் புத்தகத்தின் நகலும் வாங்குங்கள். ஆபீசில் ‘எம் புக்’ என்பார்கள். நீளம், அகலம், கனம் என்று பத்தி பத்தியாக இருக்கும். டேப்பைப் பிடித்து நீளமும் அகலமும் நீங்களே அளக்கலாம். கனம் பார்க்க, குழாய்க்காக யாராவது ரோட்டை வெட்டும் நாளில் அந்த ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுங்கள். எண்ணோடு எண்ணை வைத்துக் கேட்கும் கேள்விக்கு யாராலும் எரிச்சலைப் பதிலாகத் தர முடியாது.

எதைக் கேட்டாலும் “நிதி இல்லை” என்கிறார்கள்.

பல பேரூராட்சிகளில் அது உண்மைதான். சொந்த வருமானம் குறைவு, மாநில நிதிக்குழு மானியத்தை நம்பித்தான் சம்பளமும் கரண்ட் பில்லும் ஓடுகின்றன. புது வேலைக்குப் பணம் இல்லை என்றால் ‘நமக்கு நாமே’ திட்டத்தைக் கேளுங்கள். மக்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு தரும். சமுதாயக் கூடமோ பூங்காவோ இப்படிக் கிடைக்கலாம்.

ஆனால் சாக்கடை, கழிப்பிடம், குடிநீர் போன்ற அடிப்படைக் கடமைக்கு இந்தப் பதில் செல்லாது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊரில் 12ஆவது வார்டு மக்கள், திறந்த சாக்கடையும் சாராய ஆலைக் கழிவும் தெருவில் ஓடுகிறது என்று மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். சாக்கடை கட்டு என்றார் மாஜிஸ்திரேட். பணம் இல்லை என்று நகராட்சி சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1980 ஜூலை 29 அன்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு நகராட்சியின் வாதத்தைத் தள்ளியது. பொதுச் சுகாதாரத்தைக் காக்கவே உருவான மன்றம், பணமில்லை என்று சொல்லித் தன் முதல் கடமையிலிருந்து ஓட முடியாது என்பது அதன் சாரம். அந்த மக்கள் பயன்படுத்தியது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 152ஆம் பிரிவாக இருக்கிறது. பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் நீங்களும் இன்றைக்கே மனு கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை.

குப்பையே அள்ளுவதில்லை. வரி கட்டாமல் இருந்து எதிர்ப்பைக் காட்டலாமா?

வேண்டாம். பாக்கி வைத்தவர் என்ற பெயர் வந்துவிட்டால் உங்கள் மனுவை எடுத்ததுமே பில் கலெக்டரைக் கூப்பிடுவார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு. கட்டிய ரசீதின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள். வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரித்துக் கொடுப்பதையும் செய்யுங்கள். நாம் கலந்து கொட்டுவதைத் தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் அந்த வேலை பாரமாக இருக்காது.

எங்களுக்குக் கிராம சபை மாதிரி எதுவும் இல்லையா?

இருக்கிறது, பகுதி சபை. 2022இல் விதிகள் வந்து, அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பல ஊர்களில் கூடியது. பிறகு பல இடங்களில் பேருக்கு நடக்கிறது, சில இடங்களில் அதுவும் இல்லை. கூட்டச் சொல்லி வார்டு உறுப்பினருக்கு எழுதுங்கள். கூடினால் நீங்கள் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தலைவர் ஒரு அம்மா. ஆனால் எல்லாம் அவர் வீட்டுக்காரர்தான். யாரிடம் மனு கொடுப்பது?

அந்த அம்மாவிடம்தான். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அந்த நாற்காலி அவருடையது. “உங்ககிட்டதாங்க மேடம் பேசணும்” என்று பெண்கள் நாலு பேர் சேர்ந்து அலுவலகத்திலேயே போய்ப் பாருங்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்பதை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. வீட்டுக்காரரிடம் கொடுத்த தாளுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

சின்ன ஊர். மனு கொடுத்தால் பகை வராதா?

வரும், பொய் சொல்லப் போவதில்லை. நாளைக்கு அதே ஆளை ரேஷன் கடையிலும் கல்யாண வீட்டிலும் பார்த்தாக வேண்டும். அதனால் தனியாகப் போகாதீர்கள். பத்து வீட்டார் கையெழுத்தோடு, முடிந்தால் பதிவுசெய்த குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் கொடுங்கள். மனுவில் ஆளைப் பற்றி எழுதாமல் சர்வே எண்ணைப் பற்றி எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டுத் திட்டுவதைவிட இது பகையைக் குறைக்கும், வேலையும் நடக்கும். மிரட்டல் வந்தால் அதைத் தனியாகப் போலீசில் எழுதிக் கொடுங்கள்.

ஒரு மாதம் ஆயிற்று, பதில் இல்லை. அடுத்து எங்கே?

மாவட்டத்தில் பேரூராட்சிகளின் உதவி இயக்குநர். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையம். எங்கே கொடுத்தாலும் முந்தைய மனுவின் நகல் இணைய வேண்டும். கடைசியில் மனு சுற்றிக்கொண்டு அதே செயல் அலுவலரிடம்தான் வரும் என்று சலித்துக்கொள்கிறார்கள். வரும்தான். ஆனால் மேலிருந்து வரும்போது அதற்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும்.

முறைகேடு என்றால் உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த அமைப்பு. லஞ்சம் என்றால் ஊழல் தடுப்புத் துறை. குடிநீர், விளக்கு, சுகாதாரம் பற்றிய சேவைக் குறைக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் போகலாம், கட்டணம் இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வழி சொல்வார்கள். எதுவும் பலிக்காதபோதுதான் உயர் நீதிமன்றம். அங்கே முதலில் கேட்பது, “மனு கொடுத்தீர்களா, ஒப்புகை எங்கே?” என்பதைத்தான்.

ஒரு மாதிரி மனு தர முடியுமா?

அனுப்புநர், பெறுநருக்குப் பிறகு இவ்வளவு போதும்:

“பொருள்: 7ஆவது வார்டு, சர்வே எண் ___, வண்டிப்பாதைப் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நட வேண்டுதல். ஐயா/அம்மா, மேற்படி நிலம் ‘அ’ பதிவேட்டில் வண்டிப்பாதை எனப் பதிவாகியுள்ளது (நகல் இணைப்பு 1). தற்போது வடபுறம் சுமார் ___ அடி நீளத்துக்குச் சுவர் எழுப்பப்பட்டு ஆம்புலன்ஸ் வர இயலாத நிலை உள்ளது (புகைப்படம், நாள் ___, இணைப்பு 2). ஆகவே நிலத்தை அளந்து, எல்லை காட்டி, பேரூராட்சியின் சொத்துப் பதிவேட்டில் சேர்க்குமாறும், எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.”

ஒரு மனுவில் ஒரு விஷயம். தண்ணீர், நாய்த்தொல்லை, ரோடு மூன்றையும் சேர்த்தால் எது எளிதோ அதற்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிடுவார்கள்.

நான் வீடு மாறிப் போகிறேன். கொடுத்த மனு என்ன ஆகும்?

கோப்பு இருக்கும், கேட்க ஆள் இருக்காது. போவதற்கு முன் நகல்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் தேதிவாரியாக அடுக்கி, பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு, “இனி இவரிடம் தொடர்புகொள்ளவும்” என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைத் தபால் பிரிவில் கொடுங்கள். அதற்கும் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.